டென் ஹாக் நகரை ஒரே நாளில் பார்ப்பது எப்படி: ஓவியத்தில் தொடங்கிக் கடலில் முடிக்கும் வழி

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நெதர்லாந்தின் டென் ஹாக், அதாவது ஹேக் நகருக்குப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். தாங்களாகப் போய்விட்டு அலுத்துத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் செய்தது ஒரே தவறு. காலையிலேயே நேராகக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். காற்றில் இரண்டு மணி நேரம் நின்று களைத்துப்போய், மத்தியானம் ஊருக்குள் திரும்பி, மியூசியம் மூடும் நேரத்தில் வாசலில் நின்றார்கள்.

வரைபடத்தைப் பார்த்தால் இந்த ஊர் ஒரு கோடு போலக் கடலை நோக்கி நீள்வது தெரியும். ரயில் நிலையம், நாடாளுமன்றக் குளம், அரண்மனைத் தெரு, அமைதி மாளிகை, மீனவர் கிராமம், கடல் என்று வரிசையாக இருக்கிறது. அந்த வரிசையிலேயே நடந்தால் ஒரு தெருவைக் கூட இரண்டாம் முறை மிதிக்க வேண்டியதில்லை. கீழே உள்ள படிகள் அந்த வரிசைப்படிதான்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். மௌரிட்ஸ்ஹௌஸ் மியூசியம் அன்று மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும், எஷர் மியூசியம் திறக்கவே திறக்காது. கடைகளிலும் பாதி மத்தியானத்துக்கு மேல்தான் கதவைத் திறக்கும். செவ்வாய் முதல் வெள்ளி வரை எந்த நாளும் நல்லது. வியாழன் என்றால் கடைவீதி இரவு வரை திறந்திருக்கும்.

அடுத்து சூரியன். இந்தக் கடற்கரை வடமேற்குப் பார்த்தது, அதனால் சூரியன் கடல் பக்கமாகவே இறங்கும். ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வாக்கில் மறையும், டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். கோடையில் போகிறவர்கள் நிதானமாக 6 மணிக்குக் கடலுக்குப் போகலாம். குளிர்காலத்தில் 3 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி மற்ற நேரங்களைக் கணக்குப் போடுங்கள்.

2. கிளம்பும் முன் தயாராக வேண்டியவை

முதலாவது, வங்கி கார்டு. நெதர்லாந்து முழுவதும் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் விசா அல்லது மாஸ்டர்கார்டைக் கருவியில் காட்டிவிட்டு ஏறலாம். தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம். ஆனால் இந்திய வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தட்டிச் செலுத்தும் வசதியும் பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கி ஆப்பில் இரண்டையும் நீங்களே இயக்க வேண்டும். ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு வந்து, ரயில் நிலையக் கதவு திறக்காமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு ஓடிபி வராத சிம்மோடு போராடுவது பெரிய பாடு.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு கார்டு. ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. அப்பா அம்மாவுக்கு கார்டு இல்லையென்றால் அவர்களுக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மௌரிட்ஸ்ஹௌஸ் டிக்கெட். இணையத்தில் நேரம் குறித்து வாங்க வேண்டும். அந்த நாளின் முதல் நேரத்தையே எடுங்கள், காரணத்தை 5-ஆம் படியில் சொல்கிறேன். நெதர்லாந்திலேயே குடியிருப்பவர்கள் மியூசியம்கார்ட் என்ற அனுமதி அட்டை வைத்திருந்தால் இன்று போகும் மூன்று மியூசியங்களுக்கும் அதுவே போதும்.

நான்காவது, குடை வேண்டாம், தொப்பி வைத்த மழைக்கோட்டு வேண்டும். கடற்காற்று குடையை இரண்டு நிமிடத்தில் மடக்கித் திருப்பிவிடும். ஜூலையில் கூட ஒரு மெல்லிய ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். ஊருக்குள் 24 டிகிரி இருக்கும்போது கடலோரத்தில் நடுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். மழை எப்போது வரும், எப்போது விடும் என்பதை பௌயன்ராடார் என்ற ஆப் ஐந்து ஐந்து நிமிடமாகக் காட்டும். இந்த நாட்டில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வெளியே இறங்குகிறார்கள்.

ஒரு தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். டென் ஹாக் நகரின் தண்ணீர், கடலோர மணல்மேடுகளுக்குள் ஊறி வடிந்து வருவது. காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லை.

3. சரியான ஸ்டேஷனில் இறங்குங்கள்

நாம் ஹேக் என்று படித்த ஊரின் பெயர் ரயில் பலகைகளில் டென் ஹாக் என்றுதான் இருக்கும். இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு, டென் ஹாக் சென்ட்ரால், டென் ஹாக் ஹெச்எஸ் என்று. சில ரயில்கள் ஒன்றுக்குப் போகும், சில மற்றொன்றுக்கு. இன்றைய நடைக்கு நமக்கு வேண்டியது சென்ட்ரால்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுமார் 50 நிமிடம், ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம், ராட்டர்டாமிலிருந்து 25 முதல் 30 நிமிடம் ஆகும். தவறி ஹெச்எஸ்ஸில் இறங்கிவிட்டால் பதற வேண்டாம், அங்கிருந்து 9-ஆம் எண் டிராம் சென்ட்ராலுக்கு வரும்.

பெட்டி இருந்தால் சென்ட்ராலில் லாக்கரில் போட்டுவிடுங்கள். கார்டில்தான் பணம் செலுத்த முடியும். பெரிய பையோடு மௌரிட்ஸ்ஹௌஸுக்குள் விடமாட்டார்கள். கடற்கரை மணலில் சக்கரப் பெட்டியை இழுக்கவும் முடியாது.

4. ஏறும்போது தட்டு, இறங்கும்போதும் தட்டு

புதியவர்களுக்குப் பணம் வீணாவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரயிலில் என்றால் நிலையத்துக்குள் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை தட்ட வேண்டும். டிராமில் கருவி வண்டிக்குள்ளேயே கதவருகில் இருக்கும். ஏறியதும் தட்டுங்கள், இறங்கும் முன் தட்டுங்கள். எவ்வளவு தூரம் போனீர்கள் என்பது இறங்கும்போது தட்டினால்தான் அதற்குத் தெரியும். மறந்தால் உண்மையான கட்டணத்தைவிடக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும்.

ஏறும்போது கார்டையும் இறங்கும்போது ஃபோனையும் காட்டக் கூடாது. ஃபோனுக்குள் இருப்பது அதே கார்டுதான் என்று நாம் நினைப்போம். கருவிக்கு அவை இரண்டும் வேறு வேறு. இரண்டு பயணம் தொடங்கி இரண்டுமே முடியாமல் நின்றதாகக் கணக்கு வைத்து இரண்டுக்கும் காசு போகும். எதை எடுத்தீர்களோ, நாள் முழுவதும் அதையே வையுங்கள்.

பர்ஸோடு அப்படியே வைத்துத் தட்டுவதும் ஆபத்து. உள்ளே இரண்டு கார்டு இருந்தால் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றை வெளியே எடுத்துத் தனியாகக் காட்டுங்கள்.

ஒரு டிராமில் தட்டி இறங்கி 35 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால், ஆரம்பக் கட்டணம் மறுபடி விழாது. வண்டி மாறும்போது வேடிக்கை பார்த்து நிற்காமல் இருந்தால் மிச்சம்.

5. மௌரிட்ஸ்ஹௌஸ்: கூட்டம் வருமுன் மேல் மாடிக்கு

சென்ட்ராலிலிருந்து ப்ளைன் என்ற சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை. நடுவே ஒரு சிலை நிற்கும். மூலையில் மஞ்சள் கல்லும் சாம்பல் கூரையுமாகச் சதுரமாக நிற்கும் சிறிய கட்டடம்தான் மியூசியம்.

நடக்கும்போது தரையைக் கவனியுங்கள். சிவப்பு நிறத்தில் இருப்பது சைக்கிள் பாதை. நம்மவர்கள் அகலமாக, வழவழப்பாக இருக்கிறதே என்று அதில் இறங்கிவிடுகிறார்கள். சைக்கிள்காரர் மணி அடித்துவிட்டு வேகத்தைக் குறைக்காமலே வருவார், ஏனென்றால் அது அவருடைய சாலை. குழந்தைகளின் கையைக் கார் சாலையைவிட இங்கேதான் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

மியூசியத்தின் பழைய பெரிய கதவு வழியாக நுழைய முயல வேண்டாம். முற்றத்தில் கீழே இறங்கும் படிக்கட்டும், கண்ணாடி லிஃப்டும் உண்டு. நுழைவு தரைக்கு அடியில் இருக்கிறது. கோட்டையும் பையையும் அங்கே லாக்கரில் வையுங்கள்.

அப்புறம் முதல் தளத்தில் நிற்காமல் நேராக மேல் மாடிக்குப் போங்கள். முத்துத் தோடு அணிந்த பெண்ணின் ஓவியம் 15-ஆம் அறையில் இருக்கிறது. எல்லோரும் கீழிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். காலை 10 மணிக்கு நுழைந்து நேராக மேலே போனால் அந்த அறை கிட்டத்தட்ட காலியாக இருக்கும். 11 மணிக்கு மேல் தலைகளுக்கு நடுவில்தான் பார்க்க வேண்டும்.

படம் சிறியது. 44.5-க்கு 39 சென்டிமீட்டர், ஒரு பெரிய நாள்காட்டித் தாள் அளவுதான். அருகில் போய் அந்த முத்தைப் பாருங்கள். அதில் கொக்கியும் இல்லை, காதோடு சேரும் வளையமும் இல்லை. மேலே ஒரு வெள்ளைத் தீற்று, கீழே சட்டைக் காலரின் வெளிச்சம் பட்டது போல ஒரு மங்கல் தீற்று. அவ்வளவுதான் இதை வரைந்த வெர்மீர் போட்டது. இரண்டடி பின்னால் வந்தால் அது முத்தாகிவிடுகிறது. முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். கூட்டம் வந்துவிட்டால் இப்படி நகர முடியாது. முதல் நேரத்து டிக்கெட் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அதே அறையில் இருக்கும் 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' என்ற வெர்மீர் ஓவியத்தையும் விடாதீர்கள். மேகத்தின் நிழலில் முன்வரிசை வீடுகள், பின்னால் வெயில் பட்ட கூரைகள். இன்று முழுவதும் உங்கள் தலைக்கு மேல் இருக்கப்போகும் வானம் அதுதான்.

பிறகு இறங்கும் வழியில் ரெம்பிரண்ட் 1632-இல் வரைந்த டாக்டர் டுல்ப் உடற்கூறு பாடம், ஃபாப்ரிட்ஸியஸின் சின்னஞ்சிறு பொற்சிட்டு, பவுலஸ் போட்டரின் நிஜ அளவுக் காளை. ஒன்றரை மணி நேரம் போதும். இது சிறிய மியூசியம் என்பதே இதன் வசதி.

முத்துத் தோட்டுப் பெண்ணுக்காகவே வருகிறவர்கள், அந்த வாரம் ஓவியம் அங்கே இருக்கிறதா என்று மியூசியத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். எப்போதாவது வெளியூர்க் கண்காட்சிக்குக் கடனாகப் போவது உண்டு.

6. குளக்கரையும் எஷரும்

வெளியே வந்ததும் பக்கத்திலேயே ஹோஃப்வைவர் குளம். அதன் ஓரமாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்பவை பின்னன்ஹோஃப் என்ற நாடாளுமன்றக் கட்டடங்கள். 2021 முதல் பெரிய பராமரிப்பு வேலை நடப்பதால் உள்ளே போகும் திட்டத்தை விட்டுவிடுங்கள். குளத்தின் எதிர்க்கரையில் லாங்க வைவர்பெர்க் என்ற மரநிழல் பாதையில் நின்று பாருங்கள். படமும் அங்கிருந்துதான் நன்றாக விழும். பத்து நிமிடம் போதும்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் லாங்க ஃபோர்ஹௌட். அந்த மர வரிசைத் தெருவில் 74-ஆம் எண், ஒரு பழைய அரண்மனை, இப்போது எஷர் மியூசியம். படி ஏறிக்கொண்டே இறங்கும் மனிதர்கள், மேலே ஓடும் அருவி என்று கணிதப் புத்தகங்களில் பார்த்த எஷரின் படங்கள் இங்கே. குழந்தைகள் இருந்தால் கட்டாயம் போங்கள். ஓவியத்தில் நாட்டம் இல்லாத பையன்கள் கூட இங்கே வாயைப் பிளந்து நிற்பார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால், கால் வலிப்பதாக இருந்தால், இதை விட்டுவிடலாம். இன்றைய பட்டியலில் விடக்கூடியது இது ஒன்றுதான்.

7. மத்தியானச் சாப்பாடு: சூரினாம் ரொட்டி

டச்சுக்காரர்கள் மத்தியானம் ரொட்டித்துண்டும் சீஸும்தான் சாப்பிடுவார்கள். நம் வயிற்றுக்கு அது பத்தாது.

டென் ஹாக் நகரில் சூரினாம் வழியாக வந்த இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர். 1873 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுடைய கடைகளில் 'ரொட்டி' என்று கேட்டால், உள்ளே பருப்புத் தூவிய மெல்லிய பெரிய ரொட்டி, மசாலா உருளைக்கிழங்கு, காராமணிக்காய் பொரியல், அவித்த முட்டை, கோழிக் குழம்பு என்று ஒரு தட்டு வரும். சைவமும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கரண்டி தேடாமல் கையால் சாப்பிடலாம், கடையில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுவார்கள்.

'பாரா' என்ற ஒன்றையும் வாங்குங்கள். உளுந்து மாவில் ஒரு கீரையைச் சேர்த்துத் தட்டி, நடுவில் துளை போட்டுப் பொரித்தது. முதல் கடியிலேயே என் அத்தை, "இது வடைதானே!" என்றார். கூட வரும் மிளகாய் விழுதை மட்டும் துளியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு வையுங்கள். நம் காரத்துக்குப் பழகிய நாக்குக்கும் அது அதிகம்.

8. நோர்டைண்ட வழியாக மெஸ்டாக் பனோரமா

சாப்பிட்டதும் நோர்டைண்ட தெருவுக்கு வாருங்கள். மன்னர் அலுவல் பார்க்கும் அரண்மனை இந்தத் தெருவில்தான் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்துவிட்டு, பின்புறத் தோட்டத்தில் கொஞ்சம் உட்காரலாம். அது எல்லோருக்கும் திறந்த பூங்கா, கட்டணம் இல்லை.

தெருவின் கடைசியில் ஒரு கால்வாயைத் தாண்டினால் தெருவின் பெயர் ஸேஸ்ட்ராட் என்று மாறும். கடல் தெரு என்று அர்த்தம். அங்கே 65-ஆம் எண்ணில் இருக்கிறது மெஸ்டாக் பனோரமா.

எல்லோரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. என்னைக் கேட்டால் மௌரிட்ஸ்ஹௌஸுக்கு அடுத்தபடி இந்த ஊரில் பார்க்க வேண்டியது இதுதான். 1881-இல் ஓவியர் மெஸ்டாக் தன் மனைவியோடும் வேறு சில ஓவியர்களோடும் சேர்ந்து வரைந்த ஒரே ஓவியம், உங்களைச் சுற்றி வட்டமாக நிற்கிறது. உயரம் 14 மீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 120 மீட்டர்.

இருட்டான வழியில் போய், சுருள் படியில் ஏறி வெளியே வந்தால் ஒரு மணல்மேட்டின் உச்சியில் நிற்பீர்கள். காலுக்குக் கீழே நிஜ மணல், அதில் காய்ந்த புல். அந்த மணல் எங்கே முடிந்து துணி எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். கூரையில் மறைந்திருக்கும் கண்ணாடி வழியாக வெளிச்சம் வருவதால், வெளியே மேகம் நகரும்போது ஓவியத்தின் கடல் மேலும் நிழல் நகரும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. மேகமும் வெயிலும் மாறி மாறி வரும் நாள்தான் இதற்கு ஏற்ற நாள்.

இங்கே மூன்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: கிராமத்துத் தேவாலயத்தின் கோபுரம், கலங்கரை விளக்கம், மணலில் இழுத்துப் போட்ட தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள். ஓவியத்தில் இருப்பது ஸ்கெவனிங்கன் என்ற இந்த ஊர்க் கடற்கரை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் நீங்கள் நிற்கப்போகும் இடம். கடலை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இது வெறும் பெரிய படம். இதை முதலில் பார்த்துவிட்டுப் போனால், அங்கே ஒவ்வொன்றையும் தேடத் தொடங்குவீர்கள்.

9. அமைதி மாளிகை

அதே தெருவில் மேலும் பத்து நிமிடம் நடந்தால் வேலிக்குப் பின்னால் கோபுரத்தோடு நிற்கும் மாளிகை தெரியும். சர்வதேச நீதிமன்றம் இங்கேதான் இயங்குகிறது. 1913-இல் திறக்கப்பட்டது. உள்ளே போவதற்கான சுற்று குறிப்பிட்ட சில நாட்களில்தான் உண்டு, முன்பதிவும் அடையாள ஆவணமும் வேண்டும். அன்று கிடைக்கவில்லை என்றால் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பார்வையாளர் மையத்தைப் பாருங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அரை மணிக்கு மேல் தேவைப்படாது.

10. 1-ஆம் எண் டிராம், ஆனால் கடைசி வரை போக வேண்டாம்

மாளிகைக்கு எதிரிலேயே நிறுத்தம். ஸ்கெவனிங்கன் போகும் 1-ஆம் எண்ணில் ஏறுங்கள். மரங்களுக்கு நடுவே நேராகப் போகும் இந்தச் சாலை 1665-இல் போடப்பட்டது. முத்துத் தோட்டுப் பெண் வரையப்பட்டதும் ஏறக்குறைய அதே ஆண்டு.

பெரும்பாலோர் குர்ஹவுஸ் நிறுத்தம் வரை போய் இறங்குவார்கள். நீங்கள் அதற்கு முன்னால் கைஸர்ஸ்ட்ராட் நிறுத்தத்தில் இறங்குங்கள். இது பழைய மீனவர் கிராமத்தின் கடைத்தெரு. மீன்கடை, ரொட்டிக்கடை, சைக்கிள் கடை என்று சாதாரணத் தெருவாக இருக்கும். அதன் முடிவில் அந்தத் தேவாலயம், மெஸ்டாக் வரைந்த அதே கோபுரம். அதைத் தாண்டினால் கடல்.

கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் சிவப்புக் கலங்கரை விளக்கமும் மீன்பிடித் துறைமுகமும். வலப்பக்கம் குர்ஹவுஸ் விடுதியும், கடலுக்குள் நீளும் பையர் பாலமும். ஓவியத்தில் படகுகள் மணலில் கிடந்ததற்குக் காரணம், அப்போது துறைமுகமே இல்லை. அது 1904-இல்தான் வெட்டப்பட்டது.

வலப்பக்கம் நடங்கள். நீங்கள் நடக்கும் அந்த அகலமான நடைபாதையே ஒரு கடல் தடுப்பு அணை. புயல் நாளில் ஊரைக் காக்கும் சுவரை நடைபாதைக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் மெஸ்டாக் பார்த்து வரைந்த மணல்மேடு இருந்த இடம் வரும். மேடு இப்போது இல்லை, கட்டடங்கள் வந்துவிட்டன. அங்கே ஒரு நிமிடம் நின்று ஒரு சுற்றுத் திரும்பிப் பாருங்கள்.

11. கடலில் கவனிக்க வேண்டியவை

தண்ணீர் குளிர்ந்தது. ஆகஸ்டிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. குளிக்க இறங்கினால் கொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் இறங்கவே கூடாது, மஞ்சள் என்றால் ஆபத்து. மணல்திட்டுகளுக்கு நடுவே கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டங்கள் இங்கே உண்டு. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியே வர வேண்டும். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் ஆளில்லாத பகுதியில் இறங்காதீர்கள்.

சாப்பிட, வறுத்த மீன்துண்டுகளைப் பூண்டு சாஸோடு தரும் 'கிபெலிங்' நம் நாக்குக்குப் பிடிக்கும். ஹாரிங் என்பது உப்பில் பதப்படுத்திய மீன், அடுப்பில் வேகாதது, பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு வரும். வெண்ணெய் மாதிரி மென்மையாக இருக்கும். முழு மீனைத் துண்டாக வெட்டித் தரச் சொல்லி ஒன்றைப் பகிர்ந்து பாருங்கள். சைவர்களுக்கு உருளைக்கிழங்கு ஃபிரைஸ் உண்டு.

எதை வாங்கினாலும் சுவரோரம் முதுகைக் கொடுத்து நின்று சாப்பிடுங்கள். இங்குள்ள கடற்பறவைகள் பின்னாலிருந்து வரும். போன கோடையில் என் மாமி ஃபிரைஸ் பொட்டலத்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் படம் எடுக்கச் சொன்னார். ஒரே வீச்சில் பொட்டலம் மணலில், அடுத்த நொடி அதன் மேல் பத்துப் பறவைகள். விரலில் அலகு பட்டுக் கீறல். குழந்தைகள் கையில் உணவைக் கொடுத்துத் தனியாக நடக்க விடாதீர்கள்.

பையர் பாலத்தின் கடைசி வரை நடந்துவிட்டு, கரைப்பக்கம் திரும்பிப் பாருங்கள். வெயில் சாயும் நேரத்தில் குர்ஹவுஸின் குவிமாடத்தில் வெளிச்சம் விழும். சூரியன் மறைந்ததும் உடனே ஓட வேண்டாம், அடுத்த இருபது நிமிடம்தான் வானத்தில் நிறம் அதிகம். ஸ்வெட்டரை வெளியே எடுக்க வேண்டிய நேரமும் இதுதான்.

12. திரும்பும்போது 9-ஆம் எண்

வந்தது 1-ஆம் எண்ணில் என்பதால் எல்லோரும் திரும்பவும் அதிலேயே ஏறிவிடுகிறார்கள். 1-ஆம் எண் சென்ட்ரால் நிலையத்துக்குப் போகாது. அது ஊரின் நடுவே சென்று ஹெச்எஸ்ஸைத் தொட்டு டெல்ஃப்ட் வரை ஓடும். லாக்கரில் பெட்டி இருப்பவர்கள் குர்ஹவுஸ் நிறுத்தத்தில் 9-ஆம் எண்ணில் ஏறுங்கள். சுமார் கால் மணி நேரத்தில் சென்ட்ரால்.

வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் அந்த நிறுத்தத்தில் பெருங்கூட்டம் நிற்கும். ஒரு நிறுத்தம் முன்னால் நடந்து ஸ்வார்ட்ட பாட் பக்கத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கலாம். களைப்பில் தூங்கிவிட்டாலும், இறங்கும்போது அதே கார்டைத் தட்டிவிட்டு இறங்குங்கள்.